செயல்விளக்கத் திடல் போடுவது எப்படி? நெல் வயலை முன்வைத்து ஒரு வழிகாட்டி

கிராமங்களுக்குப் புதிதாகக் களப்பணிக்கு வரும் இளைஞர்களில் பலர், புதிய சாகுபடி முறையை உழவர் வயலிலேயே செய்து காட்டும் செயல்விளக்கத் திடலை ஒரு கண்காட்சியாகவே எண்ணிக்கொள்கிறார்கள். செழிப்பான வயலாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, விதையும் உரமும் கொடுத்து, சாலையோரம் பலகை நட்டு, படம் எடுத்து அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்பது அவர்கள் கணக்கு. ஆனால் திடல் போடுவது அந்த நிலத்துக்காரருக்காக மட்டும் அன்று. அவருடைய வரப்பை ஒட்டி நிலம் வைத்திருப்பவரும், அதே மடையில் தண்ணீர் பாய்ச்சுபவரும், தினமும் அந்த வழியே நடந்து போகும்போது பயிரை ஓரக்கண்ணால் அளப்பவரும்தான் நம்முடைய உண்மையான மாணவர்கள். அவர்கள் நம்பாத திடலில் எத்தனை மூட்டை விளைந்தாலும் பயன் இல்லை.

இது புதிதாகக் கண்டறிந்த உண்மையும் அன்று. அமெரிக்காவில் சீமன் நாப் என்பவர் அரசு நடத்திய மாதிரிப் பண்ணைகளை உழவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போவதைக் கண்டு, 1903இல் டெக்சாஸ் மாநிலத்து டெரல் என்னும் ஊரில் ஓர் உழவரின் சொந்த நிலத்தில், அந்த உழவரே உழுது பயிரிடும்படி திடலை அமைத்தார். நட்டம் வந்தால் ஈடுகட்ட ஊர் வணிகர்கள் முன்கூட்டியே பணம் திரட்டி வைத்திருந்தனர். ஆனால் விதையும் உழைப்பும் உழவருடையவை. நம் நாட்டில் 1960களின் நடுவில் தேசிய அளவில் செயல்விளக்கத் திடல்கள் தொடங்கின; 1974இல் முதல் வேளாண் அறிவியல் நிலையம் புதுச்சேரியில் அமைந்தது. அமைப்புகளும் திட்டப் பெயர்களும் மாறியிருக்கின்றன, ஆனாலும் உழவர் தம் நிலத்தில் தம் கையால் செய்து பார்ப்பது என்ற அடிப்படை மாறவில்லை.

பொதுப்படச் சொன்னால் புரியாது என்பதால், இக்கட்டுரை காவிரிப் பாசனப் பகுதியில் ஒற்றை நாற்று நடவை, அதாவது செம்மை நெல் சாகுபடியைக் கற்பிக்கும் திடலை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. மடகாஸ்கரில் 1980களில் உருவான இந்த முறை, 2000ஆம் ஆண்டை ஒட்டித் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கு வந்து, பிறகு காவிரி, தாமிரபரணிப் பகுதிகளின் உழவர் வயல்களில் சோதித்துப் பார்க்கப்பட்டது. நிலக்கடலை, உளுந்து என்று வேறு பயிர் எடுத்தாலும் படிநிலைகள் இவையேதான்.

தொடங்கும் முன் ஊரைக் கேட்பது

முதல் இரண்டு வாரங்கள் எதையும் கற்பிக்க முயலாமல், ஊரார் நெல்லுக்கு என்ன செலவழிக்கிறார்கள், எங்கே இடிக்கிறது என்பதை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். டீக்கடையில் ஆண்களிடம் கேட்பது எளிது. அதோடு நின்றுவிடக் கூடாது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்களை மாலையில் அவர்கள் வேலை முடிந்து திரும்பிய பின், வீட்டு வேலைக்கு இடையூறு இல்லாத நேரத்தில் சந்திக்க வேண்டும். குத்தகைக்கு உழுபவரின் கணக்கு சொந்த நிலக்காரரின் கணக்கிலிருந்து வேறுபடும் என்பதால் அவரையும் தனியே கேட்க வேண்டும். ஊரின் குறை தண்ணீர் போதாமையாக இருக்கும்போது நாம் உர மேலாண்மைத் திடல் போட்டால், பலகையைத் தவிர வேறு எதுவும் மிஞ்சாது.

கேட்டதிலிருந்து ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டில் அந்தக் கேள்வி இது: விதையையும் தண்ணீரையும் குறைத்து, இடைவெளி கூட்டி, இளநாற்றை ஒற்றையாக நட்டால் இந்த ஊர் மண்ணில் கட்டுப்படியாகுமா? அதைப் பலகையில் எழுதும் அளவுக்குச் சுருக்கமாகச் சொல்ல முடியவில்லை என்றால் திடல் இன்னும் தயாராகவில்லை என்று பொருள்.

யாருடைய வயல், எந்த வயல்

ஊரிலேயே பெரிய நிலக்காரரிடம் போவது வழக்கம். கேட்டவுடன் சம்மதிப்பார், வருபவர்களுக்கு மோரும் கொடுப்பார். ஆனால் அவர் வயலில் நன்றாக விளைந்தால், அவரிடம் மோட்டாரும் ஆளும் இருக்கின்றன, அவரால் முடியும் என்று மற்றவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். மிகவும் நொடித்துப்போன ஒருவரிடம் போனாலும் சிக்கல்தான், பயிர் பழுதானால் அவரால் எழுந்திருக்க முடியாது. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்துக்கொண்டு தானே இறங்கி வேலை செய்பவர், ஊரில் நாலு பேரோடு பேச்சுவார்த்தை உள்ளவர், ஒரு கட்சிக்கோ தெருவுக்கோ மட்டும் உரியவர் என்று பெயர் வாங்காதவர் பொருத்தமானவர். நிலம் கணவர் பெயரில் இருந்தாலும் வயலை நடத்துவது மனைவியாக இருக்கலாம். அப்படியானால் திடல் அந்த அம்மாவுடையது, பலகையிலும் அவர் பெயரே இருக்க வேண்டும்.

வயலைப் பொறுத்தவரை என் முதல் திடலின் கதையைச் சொல்லிவிடுகிறேன். பேருந்தில் போகிறவர்கள் கண்ணிலும் பட வேண்டும் என்ற ஆசையில் சாலையோரப் பள்ளக்கால் வயல் ஒன்றைச் சம்பாவுக்குத் தேர்ந்தெடுத்தேன். நட்டுப் பத்து நாள் ஆவதற்குள் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. வடிகால் அடைத்து, ஒரு சாண் உயர நாற்று மூன்று நாள் நீரில் மூழ்கி அழுகிப்போயிற்று. பக்கத்து வயல்களின் முப்பது நாள் நாற்று தலை நிமிர்ந்து நின்றது. அந்த ஊரில் அடுத்த சில ஆண்டுகள் ஒற்றை நாற்று என்ற சொல்லை எடுக்கவே முடியவில்லை. தோற்றது முறை அன்று, என் தேர்வுதான். ஆனால் பார்த்தவர்கள் அப்படிப் பிரித்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள் இல்லை. எனவே நீர் பாய்ச்சவும் வடிக்கவும் தனித்தனி மடை உள்ள, சமன் செய்யக்கூடிய, நடந்துபோகும் வழியை ஒட்டிய வயலைத் தேடுங்கள். வடிகால் சரியில்லாத இடத்தில் இந்த முறையைப் பெருமழைக்கு முன் முடியும் குறுவைப் பட்டத்தில் மட்டும் முயல்வது நல்லது.

ஒப்புக்கொண்ட உழவரோடு செலவைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். அனைத்தையும் இலவசமாகக் கொடுத்த திடலைப் பார்த்து ஊரார் கற்றுக்கொள்வது அடுத்த இலவசம் எப்போது வரும் என்பதை மட்டுமே. விதை, உரம், கூலி எல்லாம் அவருடையதாக இருக்கட்டும். ஊரில் கிடைக்காத கருவிகளான வரிசைக்கோடு போடும் உருளையையும், வரிசைகளுக்கிடையே கையால் தள்ளிக் களையை அமுக்கும் கோனோ களைக்கருவியையும் மட்டும் நாம் இரவலாகக் கொண்டுவரலாம். மகசூல் அவருடைய வழக்கமான வயலைவிடக் குறைந்தால் அந்த வித்தியாசத்தை யார், எப்படி ஈடுசெய்வது என்பதையும் முன்பே எழுதி வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. டெரல் ஊர் வணிகர்கள் செய்ததும் அதுவே.

ஒப்பீட்டுத் திடல் இல்லாமல் திடல் இல்லை

புதியவர்கள் தவிர்க்கப் பார்க்கும் படி இது, எனக்கு மிக முக்கியமாகப் படும் படியும் இதுவே. ஒரு ஏக்கர் இருந்தால் அதை நடுவரப்புப் போட்டு இரண்டாகப் பிரித்து, அரை ஏக்கரில் புதிய முறையையும் அரை ஏக்கரில் அந்த உழவர் வழக்கமாகச் செய்வதையும் செய்ய வேண்டும். பக்கத்து ஊர் வயலோடும் போன ஆண்டு விளைச்சலோடும் ஒப்பிட்டால் மண்ணும் மழையும் வேறாகிவிடும்.

இரண்டு பாதியிலும் ஒரே ரகம், ஒரே விதைக்குவியல், மண் ஆய்வின்படி ஒரே உர அளவு இருக்க வேண்டும். புதிய முறையோடு புதிய ரகத்தையும் சேர்த்துக் கொடுத்தால், விளைந்த பிறகு ஊரார் ரகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு பழையபடி நடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, எது விளைவித்தது என்று நாம்தான் குழப்பினோம். வழக்கமான பாதியை வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவதும் ஏமாற்று. அது ஓரிரு வாரத்தில் ஊருக்குத் தெரிந்துவிடும்.

மண் மாதிரியை உழவரே எடுக்கட்டும். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, பல இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவக் குழி வெட்டி, அரை அடி ஆழம் வரை பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கிக்கொண்டே வந்து அரைக் கிலோவாகக் குறைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

விதை முதல் நடவு வரை

செயல்முறையை ஒரே நாளில் வகுப்பாக எடுக்காமல், எந்த வேலை வருகிறதோ அந்த வேலையின் நாளில் அக்கம்பக்கத்தாரை அழைத்துக் கற்பிப்பது நல்லது. முதல் அழைப்பு விதைத் தேர்வுக்கு. வாளித் தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வந்து, கோழிமுட்டை மேலே மிதந்து ஒரு நாணயத்தின் அகலத்துக்குத் தலை காட்டும்போது நிறுத்தி, விதையைக் கொட்டினால் பதரும் அரைமணியும் மிதக்கும். அவற்றை அரித்து நீக்கிவிட்டு, அடியில் தங்கிய விதையை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். தங்கள் வீட்டு விதையில் எவ்வளவு மிதக்கிறது என்று கண்ணால் பார்த்தவர் அடுத்த பட்டத்தில் சொல்லாமலே இதைச் செய்வார். எல்லாப் பாடங்களிலும் மலிவானதும் விரைவாகப் பரவுவதும் இதுவே. பிறகு கிலோவுக்குப் பத்து கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் நுண்ணுயிர்ப் பொடி) கலந்து விதைநேர்த்தி செய்யலாம்.

ஒற்றை நாற்றுக்கு ஏக்கருக்கு மூன்று கிலோ விதையும் ஒரு சென்ட் நாற்றங்காலும் போதும். வழக்கமான முறையில் இருபது கிலோவுக்கு மேல் விதையும் எட்டு சென்ட் நாற்றங்காலும் ஆகின்றன. அரை ஏக்கருக்கு ஒன்றரைக் கிலோ விதையை எடுத்து வைத்தவுடன், “தம்பி, இது கோழிக்குப் போடவே பத்தாதே” என்று யாராவது சொல்வார்கள். வாதாடத் தேவையில்லை. இரண்டு நாற்றங்கால்களையும் ஒரே நாளில் விதைத்துவிட்டு, இரண்டு விதைக் கணக்கையும் எல்லார் முன்னும் குறிப்பேட்டில் எழுதினால் போதும். ஒரே நாளில் விதைப்பதில் இன்னொரு நன்மை உண்டு. முளைத்ததிலிருந்தே இரண்டு பயிருக்கும் வெயிலும் மழையும் பொதுவாகிவிடுகின்றன. ஆனால் இளநாற்றை நடும் பாதிக்கு முன்னதாகவே தண்ணீர் தேவைப்படும் என்பதால் வாய்க்கால் முறையைப் பார்த்து நாள் குறிக்க வேண்டும்.

நடவு நாள்தான் பெரிய சோதனை. பதினான்கு நாள் நாற்று புல் போல இருக்கும். அதை வேரோடும் விதையோடும் மண் உதிராமல் பெயர்த்தெடுத்து, அரை மணிக்குள், கால் மீட்டர் சதுரமாகக் கோடு போட்ட வயலில், ஒரு புள்ளிக்கு ஒன்றாக, ஆழம் போகாமல் வைக்க வேண்டும். சதுர மீட்டருக்குப் பதினாறு குத்துதான் வரும். முப்பது நாள் நாற்றைக் கொத்தாகப் பிடித்துக் குனிந்த வாக்கில் வேகமாக நட்டுப் பழகிய பெண்களுக்கு இது கைக்கு வராத வேலை. மா என்னும் நில அளவுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு வந்திருந்தால் முதல் நாள் அவர்களுக்குக் கூலி நட்டமும்கூட. ஆகவே அன்றைக்கு மட்டும் நாள்கூலியாகப் பேசிவிடுங்கள், நடவுக் குழுவின் தலைவியிடம் முந்தைய மாலையே நாற்றைக் காட்டிவிடுங்கள், நீங்களும் சேற்றில் இறங்கி ஒரு வரிசையாவது நடுங்கள். வரப்பில் குடையோடு நின்று சொல்லிக்கொடுத்தவர்களுடைய திடல்களில் வரிசை கோணியே இருக்கும். நட்ட பிறகு ஒரு வாரம் வயல் வெறுமையாகத் தெரிந்து நிலத்துக்காரரின் தூக்கத்தைக் கெடுக்கும். அந்த வாரத்தில் ஒருநாள் விடாமல் போய்ப் பாருங்கள்.

களையும் கூலியும்

நட்ட பத்தாம் நாள் தொடங்கிப் பத்து நாளுக்கு ஒருமுறை, நான்கு தடவை கோனோ களைக்கருவியை நெடுக்கும் குறுக்குமாக ஓட்ட வேண்டும். வயலில் மெல்லிய நீர் நிற்க வேண்டும். காய்ந்தால் கருவி நகராது. களை சேற்றில் அமுங்கி எருவாவதோடு, மண் கிளறப்பட்டு வேருக்குக் காற்றும் கிடைப்பதால் தூர், அதாவது அடியிலிருந்து கிளைக்கும் பக்கத் தண்டுகள், வெடிக்கத் தொடங்கும். முதல் ஓட்டம் தள்ளிப்போனால் பிறகு பிடிக்க முடியாது என்பதை உழவரிடம் அடிக்கோடிட்டுச் சொல்லிவிடுங்கள்.

கைக்களை எடுப்பது நம் வயல்களில் பெண்களின் வேலை. கருவியைத் தள்ளுவது பெரும்பாலும் ஆண்கள் கைக்குப் போய்விடுகிறது. திடலில் மிச்சமாகும் களைக்கூலி என்று நாம் பெருமையாகக் காட்டும் தொகை யாரோ ஒரு பெண்ணின் வருமானம். இதற்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை. எடை குறைந்த கருவியை வாங்கிக் கொடுத்து, பெண்களுக்கே முதலில் பயிற்சி தந்து, கருவி ஓட்டும் கூலியும் அவர்களுக்கே போகும்படி பேசி வைத்த இடங்களில் நடவுக் குழுவே முறையை அடுத்த வயலுக்கு எடுத்துப்போனது. அவர்களைக் கேட்காமல் தொடங்கிய இடங்களில் அடுத்த பட்டத்துக்கு நடவு ஆளே கிடைக்கவில்லை.

நீர்ப் பாய்ச்சலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: கதிர் உருவாகும் வரை, மண்ணில் மயிரிழை வெடிப்பு தோன்றியதும் ஓர் அங்குலம் பாய்ச்சினால் போதும். அதன்பின் மெல்லிய நீரை நிறுத்தி வைத்து, அறுவடைக்கு முன் வடித்துவிடலாம். தழைச்சத்தை, இலையின் பச்சை நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டை பார்த்து இடுவதானால் இரண்டு பாதிக்கும் அதையே பின்பற்ற வேண்டும்.

வாரம் ஒரு நாள், வயலில்

இந்தோனேசியாவில் புகையான் பூச்சி நெல்லைச் சூறையாடியதை அடுத்து 1989இல் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளி, பயிர்க்காலம் முழுவதும் வாரம் ஒருமுறை வயலில் கூடுவதை வழக்கமாக்கியது. நம் திடலுக்கும் அதுவே பொருந்தும். இருபது இருபத்தைந்து பேர், ஐந்தைந்து பேராகப் பிரிந்து, இரண்டு பாதியிலும் குறியிட்ட பத்துக் குத்துகளில் தூர் எண்ணிக்கை, குருத்துப்பூச்சி தாக்கிய நடுக்குருத்து, சுருண்ட இலை, சிலந்தி, பொறிவண்டு ஆகியவற்றை எண்ணி, பெரிய தாளில் பயிரை வரைந்து, ஒரு பக்கம் தீயவற்றையும் மறுபக்கம் நல்லவற்றையும் குறிக்கிறார்கள். மருந்து அடிப்பதா, இன்னும் நாலு நாள் பார்ப்பதா என்பதை அவர்களே பேசி முடிவெடுக்கிறார்கள். நாம் கேள்வி கேட்பதோடு நிற்க வேண்டும். ‘இது என்ன பூச்சி?’ என்று யாரேனும் கேட்டால் பெயரைச் சொல்வதைவிட, ‘எங்கே பிடித்தீர்கள், என்ன செய்துகொண்டிருந்தது?’ என்று திருப்பிக் கேட்பது நல்லது. எழுதப் படிக்கத் தெரியாதவர் எண்ணுவதில் பெரும்பாலும் நம்மை மிஞ்சுவார்.

வயல் விழா

வயல் விழாவை அறுவடைக்கு முன் ஒருமுறை மட்டும் வைப்பது வழக்கம். நான் இரண்டு முறை வைக்கச் சொல்வேன்: நட்ட ஒன்றரை மாதத்தில், ஒற்றை நாற்று முப்பது தூருக்கு மேல் விரிந்து நிற்கும்போது ஒன்று, கதிர் முற்றித் தலை சாய்ந்த பின் மற்றொன்று. ஷாமியானா, ஒலிபெருக்கி, பொன்னாடை மூன்றும் வந்துவிட்டால் வயலுக்குள் யாரும் இறங்குவதில்லை, இது என் அனுபவம். முப்பது நாற்பது பேருக்கு மேல் அழைக்காமல், வரப்பில் சுற்றி வரச் செய்து, இரண்டு பாதியிலிருந்தும் ஒவ்வொரு குத்தை வேரோடு பிடுங்கி, சேற்றை அலசி, அருகருகே கிடத்திவிட்டு நிலத்துக்காரரைப் பேச விடுங்கள். அவர் குறைகளையும் சொல்லட்டும். நடவு நாளில் பட்ட பாட்டை அவர் வாயால் கேட்ட பிறகுதான் விளைச்சலைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்பவர்கள் நம்புவார்கள்.

அறுவடையும் கணக்கும்

ஒவ்வொரு பாதியிலும் ஓரங்களைத் தவிர்த்து, பயிரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், முன்பே முடிவு செய்த அடிக்கணக்கில் நடந்துபோய் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரத்தைக் கயிறு கட்டி அளக்க வேண்டும். நாடாவின் ஒரு முனையை, இந்த முறையில் நம்பிக்கை இல்லாதவர் ஒருவரிடம் கொடுங்கள். அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட்டு, கிலோவை 162ஆல் பெருக்கினால் ஏக்கர் மகசூல் கிடைக்கும். பதினைந்து கிலோ என்றால் ஏக்கருக்கு 2,430 கிலோ. ஈரமானி இருந்தால் இரண்டு நெல்லின் ஈரப்பதத்தையும் அளந்து குறித்து, இரண்டையும் ஒரே அளவு ஈரப்பதத்துக்குக் கணக்கிட்டு ஒப்பிடுவது சரி. மூட்டைக் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள். மூட்டையின் எடை ஊருக்கு ஊர் மாறும்.

மகசூலைவிடச் செலவுக் குறிப்பேடுதான் மிகுதியாகப் படிக்கப்படும். விதை, உழவு, நாற்றங்கால், நடவு, களை, உரம், மருந்து, அறுவடை என்று இரண்டு பாதிக்கும் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதி, வீட்டு ஆட்களின் உழைப்புக்கும் ஊர்க் கூலி போட்டுச் சேர்க்க வேண்டும். சில வயல்களில் நெல் கூடவே இல்லை, ஆனால் விதைச் செலவும் மோட்டார் ஓடிய நேரமும் குறைந்தன. அதை அப்படியே சொல்வதால் திடலின் மதிப்புக் குறையாது. புதிய பாதி தோற்றிருந்தால் அந்தக் கணக்கையும் அதே பலகையில் எழுதுங்கள்.

அடுத்த பட்டம்

நம் வேலை பலித்ததா என்பது மறு பட்டத்தில்தான் தெரியும். அப்போது எத்தனை பேர் ஒற்றை நாற்று நட்டார்கள் என்று மட்டும் எண்ணினால் மனம் சோர்ந்துபோகும். உப்புக் கரைசலில் விதை தேர்ந்தவர் எத்தனை பேர், வரிசை பிடித்து நட்டவர் எத்தனை பேர், இருபது நாள் நாற்றை இரண்டிரண்டாக வைத்தவர் எத்தனை பேர், காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டவர் எத்தனை பேர் என்று பிரித்துக் கேளுங்கள். உழவர்கள் முறையை முழுதாக எடுப்பது அரிது. தமக்கு ஆள் கிடைப்பதற்கும் தண்ணீர் வரும் முறைக்கும் ஏற்றதை வெட்டி எடுத்துக்கொள்வார்கள். பதினான்கு நாளை இருபதாக்கியவரிடம் ஏன் என்று கேட்டால், முறை வைத்துத் தண்ணீர் விடும் வாய்க்காலில் தம் நாள் அப்போதுதான் வந்தது என்பார். அந்தப் பதில் அடுத்த திடலின் கேள்வியாகலாம்.

களைக்கருவியையும் உருளையையும் எடுத்துப் போய்விடாமல், உழவர் குழுவிடமோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திடமோ பதிவேடு போட்டு ஒப்படைத்துவிடுங்கள். பதிவேட்டில் கருவி யார் வீட்டில் இருக்கிறது, என்று வாங்கினார், என்று திருப்பித் தருவார் என்ற மூன்று பத்திகள் போதும். பயன்படுத்தியவர் சேற்றைக் கழுவி, அச்சுக்கு எண்ணெய் விட்டுத் தர வேண்டும் என்ற ஒரு வரியை மேலே எழுதி ஒட்டிவிடுங்கள்.